பதினான்காவது துணி

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை அவருடைய அடையாள அட்டையில் மட்டும் பார்க்கலாம். எங்கள் பட்டறைத் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘இன்னொருதரம்’ எங்கே என்று கேளுங்கள், உடனே கடைசி ஷெட்டைக் காட்டுவார்கள். எதைச் செய்து முடித்தாலும் “இன்னொரு தரம் பாத்துடலாம்” என்று சொல்லாமல் அவரால் நகர முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன் அக்காவிடம் தனியாக “சம்மதம்தானே?” என்று கேட்டாராம். அவள் தலையாட்டியதும் “இன்னொரு தரம் யோசிச்சுக்கோ” என்றாராம். “அப்பவே யோசிச்சிருக்கணும்” என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

நான் அவரை மாமா என்பேன். அவருக்கு நான் மாப்ளே. நான் பெயிண்டர், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குத் தொட்டதற்கெல்லாம் பயம். என் கோபமும் அவர் பயமும் ஒரே தகரக் கூரையின் கீழ் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட மூக்கு, உருண்ட தோள், இரண்டு பெரிய கண்களாக விளக்குகள். அந்த முகத்தின் மேல் ஆசை வைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் முகம் நன்றாக இருக்கும் வண்டிக்கு அடிச்சட்டம் துருப்பிடித்துப் போயிருக்கும். சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். நாங்கள் அந்தப் பழைய கேபினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, திடமான வேறொரு லாரியின் அடிச்சட்டத்தின் மேல் இறக்கி உட்கார வைப்போம். கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு கம்பெனிக்காரன் போட்ட ஓட்டை இன்னொரு கம்பெனிக்காரன் ஓட்டைக்கு எதிரே வராது. இது நாலு விரல் நீளம், அது இரண்டு விரல் அகலம். தாங்கிகளை வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி, கேபினை ஏழெட்டு தரம் ஏற்றி இறக்கினால்தான் சரியாக உட்காரும்.

இந்த ஏற்றி இறக்கும் நாட்களில் நிஜ போல்ட்டுகளைப் போட மாட்டோம். கழற்றி மாட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மெலிந்த போல்ட்டைச் செருகி, நட்டைக் கையாலேயே திருகி வைப்போம். எங்கள் ஷெட்டில் அதற்குப் பெயர் ‘சும்மா போல்ட்டு’. கேபினுக்கு எட்டு, முன் மூக்குக்கு நாலு, கியர் தண்டுக்கு ஒன்று, ஸ்டியரிங் தண்டைக் கீழே இணைக்கும் மூட்டுக்கு ஒன்று. மொத்தம் பதினான்கு.

மாமாவின் சட்டம் என்னவென்றால், சும்மா போல்ட்டு போட்ட இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். முழ நீளத் துணி, வால் வெளியே தொங்க வேண்டும். கேபின் இறங்கிவிட்டால் பாதி போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியாது, கை மட்டும்தான் போகும். துணியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கடைசியில் ஒவ்வொரு துணியாகப் போய், சும்மா போல்ட்டை எடுத்து, நிஜ போல்ட்டைப் போட்டு முறுக்கி, நட்டின் தலையில் வெள்ளைப் புள்ளி வைத்து, துணியை அவிழ்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார். யார் எந்த போல்ட்டைக் கழற்றினாலும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. “சொன்னா நான் மறந்துடுவேன். துணியக் கட்டு” என்பார். டின்னில் பதினான்கு துணி சேராமல் எந்த வண்டியும் ஷெட்டை விட்டு வெளியே போகாது.

துணி வெட்டித் தருவது அக்கா. ஷெட்டின் பின்னறையில் அவள் தையல் மெஷின் இருக்கிறது. வண்டிகளுக்கு சீட்டு தைப்பதும், கேபினுக்கு உள்ளே துணி ஒட்டுவதும் அவள் வேலை. சீட்டுத் துணியில் மிஞ்சியதைத்தான் துணிவால்களாக வெட்டுவாள்.

மாமாவின் பயத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. இருபத்திரண்டு வயதில் வேறொருவர் ஷெட்டில் வேலைக்கு இருந்தார். குனிந்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது மேலே தொங்கிய கேபின் நழுவி, அவருக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓடி வந்தால், இவர் சிரித்தபடி சட்டையைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாராம். அன்று சாப்பிட்டார், தூங்கினார், மறுநாள் வேலைக்கும் போனார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது கை நடுங்கத் தொடங்கியது. தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. எல்லோருக்கும் உடனே வந்து போகும் பயம் இவருக்கு மட்டும் மூன்று நாள் தாமதமாக வந்து, வாடகை இல்லாமல் குடியேறிவிட்டது என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “இருக்கட்டும் மாப்ளே, அதால ஒரு தொந்தரவும் இல்ல” என்பார்.

தொந்தரவு எனக்குத்தான். என் பெயிண்ட் காய்வதற்குள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மூன்று கோட் அடித்து, கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருப்பேன். “இன்னொரு தரம்” என்று உள்ளே கையை விடுவார், ஒரு கீறல் விழும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

பேக்கரிக்காரருடைய நீல வண்டி வந்தது போன வருடம். அவர் அப்பா ஓட்டிய லாரி. நான்கு மாத வேலை. மாமா கடைசி வாரத்தில் எல்லா நிஜ போல்ட்டுகளையும் போடத் தொடங்கினார். திங்கட்கிழமை ஸ்டியரிங் மூட்டை முடித்துப் புள்ளி வைத்துவிட்டார். அதை அவர் கையாலேயே முடித்ததால் நிம்மதியாக இருந்தார்.

புதன்கிழமை மாமா லேத் பட்டறைக்குப் போயிருந்தார். கேபினின் முன்சுவரில், அடிப்பக்கம், ஓரிடத்தில் என் பெயிண்ட் படியாமல் திட்டாக இருந்ததைப் பார்த்தேன். ஸ்டியரிங் தண்டு குறுக்கே நின்றது. நானே மூட்டைக் கழற்றி, தண்டை ஒதுக்கி, பெயிண்ட் அடித்துவிட்டு, நிஜ போல்ட்டை முறுக்குவது மாமா வேலை என்பதால் ஒரு சும்மா போல்ட்டைச் செருகினேன். சட்டப்படி டின்னிலிருந்து ஒரு சிவப்புத் துணியும் எடுத்துக் கட்டினேன். மாமா வந்ததும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லையே, துணி இருக்கிறதே!

அன்று மதியம் என் ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று வரும் ஹோஸில் கசிவு ஏற்பட்டது. உஸ்ஸென்று அது போட்ட சத்தத்தில் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சுற்றிலும் பார்த்தேன். கட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூக்குக்கு நேரே அந்தச் சிவப்பு வால் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று அவிழ்த்து, ஹோஸில் இறுக்கிச் சுற்றினேன். கசிவு நின்றது. அதோடு மறந்தும் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை மாமா டின்னைக் கவிழ்த்து எண்ணினார். பதின்மூன்று. மறுபடி எண்ணினார். முகம் வெளுத்தது.

“மாப்ளே, ஒன்னு குறையுது.”

“கீழ எங்கயாவது விழுந்திருக்கும் மாமா. பெருக்கும்போது போயிருக்கும்.”

“விழுந்திருந்தா சரி. விழலன்னா? மூக்கைக் கழட்டிடலாம். கேபினையும் ஒரு சாண் தூக்கிப் பாத்துடலாம்.”

கேபினைத் தூக்குவதா! நேற்றுத்தான் கடைசி கோட் அடித்திருந்தேன். சங்கிலி உரசினால் தோள் முழுக்கக் கோடு விழும். பத்து நாள் வேலை பாழாகிவிடும். பேக்கரிக்காரர் மறுநாள் காலை வருவதாக இருந்தார். மாமா அதற்குள் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு துணிக்காகவா?

பின்னறைக்குப் போனேன். அக்கா முகம் கழுவப் போயிருந்தாள். மெஷினடியில் அதே சிவப்புத் துணித் துண்டு கிடந்தது. என் பிளேடால் முழ நீளம் கிழித்து, கொஞ்சம் கிரீஸில் புரட்டி, இரும்பைப் பிடித்து வைக்கும் வைஸ் மேஜைக்கு அடியில் போட்டேன். நிமிர்ந்து, “இதோ கிடக்கு பாருங்க மாமா, ஊரையே தூக்கப் பாத்தீங்களே!” என்று கத்தினேன்.

அவர் அதை எடுத்து டின்னில் போட்டு எண்ணினார். பதினான்கு. அந்த முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. “நல்ல வேளை மாப்ளே. ஒன் பெயிண்ட் தப்பிச்சுது” என்று என் முதுகைத் தட்டினார்.

வண்டியை உரியவரிடம் கொடுப்பதற்கு முன் மாமா முதல் ஓட்டம் ஓட்டிப் பார்ப்பார். கடைத்தெருவைத் தாண்டி, மலை இறக்கத்தில் ஏழு வளைவுகள் இறங்கி, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார். பக்கத்தில் அக்கா உட்காருவாள். “நம்ம வீட்டு ஆளை ஏத்தப் பயந்தா, அடுத்தவன் வீட்டு ஆளை எப்படி ஏத்தறது?” என்பது அவர் கேள்வி. சீட்டு தைத்தவளும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் அல்லவா என்று அக்காவும் தலைவாரிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அன்றும் கிளம்பினாள். துவைத்து அடுத்த வண்டிக்கு வைக்க வேண்டும் என்று டின்னையும் மடியில் எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் துணிகளை ஒவ்வொன்றாக நீவி மடிப்பது அவள் வழக்கம்.

“மத்தியானம் நீ சாப்பாட்டைச் சூடு பண்ணி வை” என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். நீல வண்டி உறுமிக்கொண்டு தெருவைத் தாண்டியது. வெயிலில் என் பெயிண்ட் மின்னியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு ஸ்ப்ரே கன்னைக் கழுவ எடுத்தேன். ஹோஸில் சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது.

ஒரு நிமிடம் அது என்னவென்று புரியவில்லை. புரிந்ததும் கன்னைக் கீழே போட்டேன். எந்த போல்ட்டு என்று தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஸ்டியரிங் மூட்டு. மெலிந்த போல்ட்டு, கையால் திருகிய நட்டு. நானே போட்டது.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். பின்னறையில் மெஷின் மேல் அவள் போன் அடித்தது. மாமா முதல் ஓட்டத்துக்குப் போனைக் கொண்டு போக மாட்டார், கவனம் சிதறும் என்று. இரண்டு போன்களும் ஷெட்டிலேயே இருந்தன. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பின்னறையில் அடித்தது.

பைக்கை எடுத்தேன். அவர்கள் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் ஒரு கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. எல்லோரும் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. “யோவ், கண்ணு தெரியலையா?” என்று யாரோ திட்டினார்கள். திட்டியவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு பஞ்சர் கடை உண்டு. பைக்கை அணைக்காமலே கேட்டேன். “அண்ணே, நீல லாரி, பழசு, மூக்கு நீட்டிக்கிட்டு…”

“போச்சே! என்னா அழகு வண்டி! அந்தம்மா கையாட்டிட்டுப் போனாங்க.”

“எறங்கிட்டாங்களா?”

“அப்பவே எறங்கியாச்சு.”

அதற்குப் பிறகு நான் நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. அவர்கள் மகள் கல்லூரியில் இருந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வேன் என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ‘அப்பாவும் அம்மாவும் செத்துப்போயிட்டாங்க’ என்று சொல்வதா, ‘நான் கொன்னுட்டேன்’ என்று சொல்வதா? முதல் வளைவில் தடுப்புச் சுவர் முழுதாக இருந்தது. அதற்காக எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொன்னேனோ தெரியாது. இரண்டாவது வளைவில் சுவர் ஒரு பக்கம் உடைந்திருந்தது. பைக்கை நிறுத்தி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். உடைந்த கல்லில் பாசி படிந்திருந்தது, பழைய உடைசல். கீழே புதர்தான். ஆனாலும் நீல நிறம் எங்காவது தெரிகிறதா என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. என் பெயிண்டைக் கண்டு நான் நடுங்கியது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் வண்டி நின்றிருந்தது. சக்கரங்களுக்குக் கல் கொடுத்திருந்தார்கள். முன்மூக்கு திறந்திருந்தது. அக்கா சாலையோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள், டின் மடியில். உயிரோடு இருந்தாள். நான் பைக்கை நிறுத்தத் தெரியாமல் சாய்த்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

அவள் கையில் ஒரு சிவப்புத் துணி இருந்தது. அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“நூல் பிரியக் கூடாதுன்னு நான் பல்லுக் கத்திரியாலதான்டா வெட்டுவேன். பதிமூனும் பல்லு பல்லா இருக்கு. இது மட்டும் நேரா இருக்கு. பிளேடு வெட்டு.”

பதினாறு வருடம் அந்தத் துணிகளைக் கட்டியிருக்கிறேன், அவிழ்த்திருக்கிறேன். ஓரம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அவள் இரண்டாவது வளைவில் துணியை நீவும்போது விரலில் பட்டிருக்கிறது. “வண்டிய நிறுத்துங்க, இது நான் வெட்டினது இல்ல” என்றிருக்கிறாள். ஸ்டியரிங்கில் லேசாக ஆட்டம் தெரிகிறதே, வேறு வண்டியின் ஸ்டியரிங் பெட்டி, பழகினால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டிருந்த மாமா, அந்தப் பேச்சைக் கேட்டதும் பிரேக்கை மிதித்துவிட்டார்.

மாமா வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்தார். உள்ளங்கையை விரித்தார். அதில் சும்மா போல்ட்டு இருந்தது. நடுவில் தேய்ந்து லேசாக வளைந்திருந்தது.

“நட்டு இல்ல மாப்ளே. எங்கயோ விழுந்துடுச்சு. போல்ட்டு ஸ்பேனர் வைக்காமலே கையோட வந்துடுச்சு.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை, ஹோஸ், பிளேடு, கிரீஸ், ஒன்றையும் விடவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. எந்நேரமும் பயப்படுகிற மனிதர், அன்று கை நடுங்காமல் நின்று, நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுக்கு முன்னாடி எத்தனை வண்டி?”

நான் அதை எதிர்பார்க்கவில்லை. இதுதான் முதல் தடவை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா அந்த நேர்வெட்டுத் துணியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்னு” என்றேன்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் போன மஞ்சள் வண்டி. செடி வளர்த்து விற்பவர் ஒருவருடையது. அப்போதும் பெயிண்ட் காயவில்லை, அப்போதும் ஒரு துணி குறைந்தது, அப்போதும் ஒன்றை வெட்டிப் போட்டேன். மாமாவும் அக்காவும் அந்த வண்டியிலும் பாலம் வரை போய் வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் இந்த முறை என் கை தயங்கவே இல்லை.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு வருஷம்” என்றார். “ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு.”

என் போனில் அந்தச் செடிக்காரர் எண் இருந்தது. அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். நீண்ட நேரம் கழித்து ஒரு குழந்தை எடுத்தது.

“அப்பா எங்கம்மா?” என்று மாமா போனை வாங்கிக் கேட்டார்.

“வண்டில போயிருக்காங்க. அம்மாவும் போயிருக்காங்க. நான் அத்தைகூட இருக்கேன்.”

“எப்ப வருவாங்க கண்ணு?”

“தெரியாது.”

“வந்ததும் வண்டிய எடுக்கக் கூடாதுன்னு சொல்லு. வண்டி செஞ்ச மாமா வர்றாருன்னு சொல்லு. சொல்லுவியா? இன்னொரு தரம் சொல்லிக் காட்டு, பாப்போம்.”

குழந்தை சொல்லிக் காட்டியது. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு நிஜ போல்ட்டை எடுத்து மூட்டில் போட்டார். எல்லா அளவிலும் ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். அதற்கும் நான் சிரித்திருக்கிறேன். நீல வண்டியை ஷெட்டில் விட்டு, அக்காவை இறக்கிவிட்டு, ஸ்பேனர் பெட்டியோடு என் பைக்கில் ஏறினார். இரண்டு மணி நேரப் பயணம். எதிரே மஞ்சள் நிறத்தில் எது வந்தாலும் பின்னால் இருந்தவர் கை என் தோளை இறுக்கும். வழியில் மூன்று தரம் போன் செய்தோம். ஒருவரும் எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் வண்டி தோட்டத்து வாசலில் நின்றது. செடிக்காரர் தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். “போனை வீட்டுக்குள்ள வச்சிட்டேன், சத்தம் கேக்கல அண்ணே. நீங்க வருவீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. என்ன விஷயம், நீங்களே வந்திருக்கீங்க?” என்று சிரித்தார். மாமா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். செடிக்காரர் மனைவி பயந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். “சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன கடைசிப் பொய் அது.

மாமா எதையும் தொடவில்லை. என்னைத்தான் கீழே போகச் சொன்னார். “நீ தொட்டுச் சொல்லு.” நான் மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாகக் கை வைத்தேன். புள்ளி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஸ்பேனர் போட்டு இழு என்றார். இழுத்தேன். கேபினுக்கு எட்டு, மூக்குக்கு நாலு, கியர், ஸ்டியரிங். பதினான்கும் நிஜ போல்ட்டு, பதினான்கும் இறுக்கம். என் கண்ணில் துரு கொட்டியது. துருவோடு கண்ணீரும் வந்தது.

வெளியே வந்து, “எல்லாம் சரியா இருக்கு மாமா” என்றேன்.

“அப்ப துணி எங்க போச்சு?”

எனக்குத் தெரியவில்லை. கதவுகளுக்குள், சீட்டுக்கடியில், சட்டத்தின் இடுக்குகளில் எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. நிஜமாகவே பெருக்கும்போது போயிருக்கலாம். இன்று வரை தெரியாது. செடிக்காரர் எண் என் போனில் தெரிந்தால் பச்சைப் பொத்தானை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. பெரும்பாலும் புதிதாக வந்த செடியைப் பற்றித்தான் பேசுவார்.

மூன்றாம் நாள் நான் சாப்பிட உட்கார்ந்தேன், கை நடுங்கியது. எதிரில் இருந்த மாமா அதைப் பார்த்தார். என் டம்ளரைக் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அக்கா என்னோடு நான்கு மாதம் பேசவில்லை. பேசிய முதல் வார்த்தையே தீர்ப்பாகத்தான் வந்தது. அடுத்த வண்டி தயாராகி, மாமா முதல் ஓட்டத்துக்கு ஏறி உட்கார்ந்தபோது, அவள் வாசலில் டின்னோடு நின்றாள். “நான் ஏற மாட்டேன். எண்ணுறவன் ஏறட்டும்” என்று டின்னை என் கையில் திணித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வண்டிகள் ஆகிவிட்டன. துணியை எண்ணுவது நான்தான்; ஓரத்தையும் தடவித்தான் எண்ணுகிறேன். பக்கத்து சீட்டும் எனக்குத்தான். இறக்கத்தில் என் கை கதவுப் பிடியை விடாது. மாமா கவனித்தும் கவனிக்காத மாதிரி, “சீட்டு சௌகரியமா இருக்கா மாப்ளே?” என்பார். “நல்லா இருக்கு மாமா” என்பேன். ஏழு வளைவும் பாலமும் முடிந்து திரும்பும்வரை நாங்கள் பேசுவது அவ்வளவுதான்.

நாங்கள் தெருவுக்குள் நுழையும்போது அக்கா ஷெட் வாசலில் நிற்பாள். எத்தனை நேரமானாலும் உள்ளே போய் உட்கார்ந்திருக்க மாட்டாள். வண்டி எப்படி ஓடியது, சீட்டு எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்க மாட்டாள். முன்கண்ணாடி வழியாக எங்கள் தலைகளைப் பார்ப்பாள். உதடு லேசாக அசையும். ஒன்று, இரண்டு. எண்ணிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போவாள்.